டிரங்குப் பெட்டியைக் காலி செய்யாதே

தூத்துக்குடி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு லேசானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. குனிந்து தண்ணீர்க் குடம் தூக்கும் வேலையெல்லாம் இன்னும் ஒரு மாதத்துக்கு வேண்டாம். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். நான் லிவர்பூலில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்தி இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். ஊருக்கு வந்ததும் வெயில்தான் கொஞ்சம் ஆளை அசத்துகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள், பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியைக் காலி செய்ய வேண்டும், நாற்பது வருஷமாக நான் எழுதிய கடிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே. ஒரே ஒரு கடிதத்தைக்கூடப் போடாதே. ஏன் என்று சொல்வதற்கு நான் போய்ப் பார்த்த ஒரு தீவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தை ஒட்டி மேற்கே இருக்கிற வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில் ஆங்கிள்சி என்று ஒரு தீவு. அந்த ஊர்க்காரர்கள் அதை மோன் என்பார்கள். லிவர்பூலிலிருந்து ரயிலில் அரை நாளில் போய்விடலாம். தீவின் கடைசியில் ஹோலிஹெட் துறைமுகம். அங்கிருந்துதான் டப்ளினுக்குக் கப்பல் போகிறது. முப்பத்தைந்து வருஷம் கஸ்டம்ஸில் இருந்தவனுக்குத் துறைமுகத்தைப் பார்த்தால் கால் நகராது, உனக்குத் தெரியும். மருமகன் காரில் உட்கார்ந்து காத்திருக்க, நான் காற்றில் சட்டை படபடக்க முக்கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன். 280 வருஷத்துக்கு முன்னால் அங்கே கஸ்டம்ஸில் இருந்த ஒருவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பெயர் வில்லியம் மோரிஸ்.

மோரிஸ் குடும்பத்தில் ஒன்றிரண்டு வருஷ இடைவெளியில் நான்கு பையன்கள். மூத்தவர் லூயிஸ், 1701இல் பிறந்தவர். அப்புறம் ரிச்சர்ட், வில்லியம், ஜான். அப்பா பீப்பாய் செய்கிற தச்சர், பிறகு தானிய வியாபாரமும் பார்த்தார். பென்ட்ரெ எய்ரியானெல் என்ற பண்ணை வீட்டில் வளர்ந்தவர்கள். வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் டுலாஸ் வளைகுடா. இப்போது அங்கே சாலையோரம் மேட்டில் நால்வர் நினைவாக ஒரு கற்சிலுவை நிற்கிறது. அங்கே நின்று பார்த்தால் கீழே வயல், அதற்கப்பால் கடல், கடலுக்குள் தள்ளி ஒரு சின்னத் தீவு. வேறொன்றும் இல்லை. இந்த இடத்திலிருந்தா இத்தனை பேர் கிளம்பினார்கள் என்று எனக்குத் தோன்றியது.

லூயிஸ் நிலம் அளக்கும் வேலையில் ஆரம்பித்தார். அப்போதிருந்த கடல் வரைபடங்கள் தப்பும் தவறுமாக இருந்ததால் கப்பல்கள் பாறையில் மோதி உடைந்துகொண்டிருந்தன. இவர் படகை எடுத்துக்கொண்டு வேல்ஸின் கடற்கரையை வளைவு வளைவாக அளந்தார். 1737இல் தொடங்கியது, 1748இல்தான் வரைபடமும் துறைமுகப் படங்களும் அச்சாகின. அதற்கு முன்பே, 1735இல், சொந்தமாக அச்சுக்கூடம் வைத்து வெல்ஷ் மொழியில் ஒரு பத்திரிகையும் தொடங்கியிருந்தார். ஒரே இதழோடு நின்றுபோனது. பிறகு அரசாங்க ஈயச் சுரங்கத்தைக் கவனிக்கப் போன இடத்தில் உள்ளூர்ப் பெரிய மனிதர்களுடன் தகராறு. 1753இல் துப்பாக்கி முனையில் பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் போட்டார்கள். கோபக்காரர்தான், ஆனால் அசராத மனிதர்.

ரிச்சர்ட் சின்ன வயதிலேயே லண்டன் போய்க் கடற்படை அலுவலகத்தில் குமாஸ்தா ஆனார். பகலில் கணக்கு, இரவில் வெல்ஷ் பைபிளின் அச்சுப்படி திருத்துவது. 1746, 1752 என்று இரண்டு பதிப்புகளை அவர்தான் பார்த்துக் கொண்டுவந்தார். ஜான் கப்பலில் சேர்ந்தார். ஸ்பெயினுடன் நடந்த போரில் கடலிலேயே உயிர் போயிற்று. முப்பத்தைந்தைத் தாண்டவில்லை.

வில்லியம் மட்டும் தீவை விட்டு நகரவில்லை. ஹோலிஹெட்டில் வரி வசூலித்தார். ஐல் ஆஃப் மேன் தீவுப் பக்கமிருந்து கள்ளச்சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. ராத்திரியில் கரையைக் காவல் காப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், முருகேசா. பனியில் நனைந்து, தோணி வருமா வராதா என்று கண் பூத்துப்போய் நின்றிருக்கிறேன். அந்த வேலையிலும் அவர் தோட்டம் போட்டார், தீவில் முளைக்கிற செடிகளையெல்லாம் தேடித் தேடிக் குறித்துவைத்தார், பழைய ஏடுகளைச் சேர்த்தார். அவர் எழுதி அச்சான புத்தகம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. 1763இல் இறந்துபோனார்.

பின்னே, அவரை இன்றைக்கு நான் எப்படி அறிவேன்? கடிதங்கள்தான். நால்வரும் ஒருவருக்கொருவர் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. வெல்ஷில் எழுதிக்கொண்டே போய் நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவி, மறுபடி வெல்ஷுக்கு வந்து, நாம் பேசுவது மாதிரியே இருக்கும். யாருக்கு இருமல், எந்தச் செடி முளைத்தது, யாருடைய கவிதையில் எந்த வரி சரியில்லை, ஊரில் யார் யாரோடு சண்டை என்று எல்லாம் அதில் உண்டு. 1907லும் 1909லும் அவற்றை இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார்கள். அந்தக் காலத்துச் சாதாரண வெல்ஷ் குடும்பம் எப்படிப் பேசிற்று, எதற்குச் சிரித்தது என்று அறிய வேண்டுமானால் அதைத்தான் திறக்க வேண்டும்.

இன்னொன்று கேள். வெளியூரில் இருக்கிற வெல்ஷ்காரர்கள் கூடிப் பேச ரிச்சர்ட் 1751இல் லண்டனில் ஒரு சங்கம் வைத்தார். கம்ரோடோரியன் என்று பெயர். இடையில் இரண்டு முறை படுத்துப்போய், 1873இல் மறுபடி எழுந்தது. அந்தச் சங்கம்தான் 1953இல் வேல்ஸ் நாட்டின் வாழ்க்கை வரலாற்று அகராதியை வெளியிட்டது. முதலில் வெல்ஷில், ஆறு வருஷம் கழித்து ஆங்கிலத்தில். ஜான் எட்வர்ட் லாயிட் என்ற சரித்திர ஆசிரியர் பொறுப்பில் இருந்தார். அவர் 1947இல் கண்ணை மூடிவிட, ஆர். டி. ஜென்கின்ஸ் இழுத்துக் கரைசேர்த்தார். நூற்றுக்கணக்கான கட்டுரைகளை அவரே எழுதியிருக்கிறார். குமாஸ்தா ஒருவர் தொடங்கிய சங்கம் இருநூறு வருஷம் கழித்துப் போட்ட புத்தகத்தில், அவரும் அவர் தம்பியும் இடம்பெற்றிருக்கிறார்கள். அதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த அகராதியில் எனக்குப் பிடித்தது, அது குடும்பம் குடும்பமாகவும் எழுதுகிறது. பெரிய மாளிகைக்காரர்களும் உண்டு, ரெக்ஸம் பக்கத்தில் இரும்புக் கதவு அடித்த டேவிஸ் கொல்லர் குடும்பமும் உண்டு. யேல் குடும்பமும் இருக்கிறது. யால் என்ற மலைப்பகுதியின் பெயர்தான் யேல் ஆகியிருக்கிறது. அந்த வம்சத்து எலிஹு யேல்தான் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் கவர்னர். ஹைகோர்ட் வளாகத்துக் கல்லறைக் கூம்பை ஒருமுறை உனக்குக் காட்டினேனே, அது அவருடைய சின்ன மகனைப் புதைத்த இடம். அவர் ரெக்ஸம் தேவாலயத்தில் கிடக்கிறார். மகள் அங்கே போகலாமா என்று கேட்டாள், நான் வேண்டாம் என்றேன். அவர் ஆட்சியில் நம் கடற்கரையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். எனக்குப் பார்க்க மனம் வரவில்லை.

உன் பாடத்துக்கு வருகிறேன். முப்பது வருஷம் கரும்பலகையில் பை என்று எழுதினாயே, வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருகிற எண்ணுக்கு அந்தக் கிரேக்க எழுத்தை முதலில் போட்டவர் அதே தீவுக்காரர். வில்லியம் ஜோன்ஸ். 1706ஆம் வருஷத்துப் புத்தகம். மோரிஸ் அண்ணன் தம்பிகள் பிறந்த லான்விஹாங்கெல் ட்ரேர் பெய்ர்த் கிராமத்தில்தான் அவரும் 1675இல் பிறந்தார். பெயரின் கடைசிப் பகுதிக்குக் ‘கவிகளின் ஊர்’ என்று அர்த்தம். அவருடைய அப்பா பெயர் ஷோன் ஷோர். ஷோனின் மகன் என்பதுதான் ஜோன்ஸ். நமக்கு இனிஷியல் மாதிரி அவர்களுக்கும் அப்பா பெயர்தான். ‘ஆப்’ என்றால் மகன். ஆப் ஹவெல் என்பது பவல் ஆயிற்று, ஆப் ரீஸ் பிரைஸ் ஆயிற்று. மோரிஸ் சகோதரர்களுக்கும் அப்பாவின் பெயர் மோரிஸ். ரிச்சர்டுக்குத் தாத்தா பெயர். நம் ஊரில் பேரனுக்கு வைப்பதுபோலத்தான்.

பை போட்டவர் 1749இல் இறந்தபோது மகனுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அந்தக் குழந்தைதான் பின்னால் கல்கத்தாவில் நீதிபதியாக வந்து, சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786இல் சொன்ன சர் வில்லியம் ஜோன்ஸ். சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் கொடுத்ததும் அவர்தான். இதை நீ உன் பழைய மாணவர்களுக்குச் சொல்.

கொரோன்வி ஓவனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. அவர் அம்மா மோரிஸ் வீட்டில் வேலை செய்தவர். ஏழைப் பையன். அந்த வீட்டம்மா மார்கெட் அவனிடம் அன்பாக இருந்திருக்கிறார். 1752இல் அந்த அம்மா இறந்ததும் ஓவன் அவர்மேல் இரங்கற்பா பாடினார். அதற்குள் ஓவன் பாதிரியார் ஆகியிருந்தார். வேல்ஸில் ஒரு நிலையான இடம் கிடைக்காமல் இங்கிலாந்தில் ஊர் ஊராக உதவிப் பாதிரியாராக அலைந்தார். வெல்ஷ் மொழியில் பழைய யாப்பை மீட்டெடுத்த பெரிய கவி என்று இன்று கொண்டாடுகிறார்கள். கையில் காசில்லை, குடிப்பழக்கம் வேறு. லூயிஸ் முதலில் தலையில் தூக்கிவைத்தார், பின்னால் மனம் கசந்து திட்டினார். 1757 கடைசியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வர்ஜீனியாவுக்குக் கப்பல் ஏறினார். வழியிலேயே மனைவி எலினும் கைக்குழந்தையும் போய்விட்டார்கள்.

அங்கே பள்ளிக்கூட வேலையும் நிலைக்கவில்லை. உள்நாட்டில் ஒரு தேவாலயத்தில் பாதிரியாராகப் போய்ச் சேர்ந்தார். லூயிஸ் 1765 ஏப்ரலில் இறந்தார். கடலுக்கு அப்பால் புகையிலைக் காட்டுக்குள் இருந்தவருக்கு அந்தச் சேதி போய்ச் சேர்ந்து, 1767இல் அவர் லூயிஸ்மேல் இரங்கற்பா எழுதி அனுப்பினார். சுற்றிலும் தன் மொழி பேச ஒரு ஆள் இல்லாத இடம். தன்னைத் திட்டிய மனிதருக்காக, அந்த மொழியிலேயே, யாப்புப் பிசகாமல் எழுதியிருக்கிறார். இரண்டு வருஷத்தில் அவரும் இறந்துவிட்டார்.

அந்தச் சிலுவைக்குப் பக்கத்தில் நின்றபோது உன் ஞாபகம்தான் வந்தது. 1986இல் என் அப்பா இறந்தபோது நீ எழுதிய இன்லேண்ட் லெட்டர் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ‘சாப்பிடாமல் இருக்காதே’ என்ற வரிக்குக் கீழே நீ இரண்டு கோடு போட்டிருப்பாய்.

அதனால் பெட்டியைக் கீழே இறக்கி, கடிதங்களை வருஷவாரியாகக் கட்டி, பழைய வேட்டித் துணியில் பொதிந்து, நடுவில் வசம்பு இரண்டு துண்டு போட்டு வை. நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதே, எலி வரும். தை பிறந்ததும் நான் பாளையங்கோட்டைக்கு வருகிறேன். உன்னுடைய கடிதங்களையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். இரண்டையும் தேதிப்படி அடுக்குவோம். உன் கண்ணுக்குச் சிரமம் வேண்டாம், நானே வாசித்துக் காட்டுகிறேன்.

உன்,
சோமு

பி.கு.: தங்கச்சி கேட்ட மருந்து இங்கே நாட்டு மருந்துக் கடையில் கிடைத்துவிட்டது. வரும்போது கொண்டுவருகிறேன்.