'ஆயிரம் மணி நேரம் ஆடு, புரியும்' என்று இனிச் சொல்லாதீர்கள்

ஒரு நாட்டையே எடுத்து ஆளும் கணினி ஆட்டமான யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4-ஐ ஆடித் தேர்ந்த தமிழ் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

சென்ற வாரம் நம் வட்டத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்ட கேள்வியை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டீல் அரசை எடுத்து ஆடுகிறார், பக்கத்து அரசான கிரனாடா மீது முதல் போர். "என்கிட்ட 20 ரெஜிமென்ட், அவன்கிட்ட 10. எப்படித் தோத்தேன்?" என்று சண்டைத் திரையின் படத்தோடு கேட்டிருந்தார். வந்த பதில்கள் மூன்று. "இன்னும் ஆயிரம் மணி நேரம் ஆடு, தானா புரியும்." "விக்கியைப் படி." "இது எல்லாருக்குமான கேம் இல்ல தம்பி." கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

பதில் அவர் போட்ட படத்திலேயே இருந்தது. அதைப் பார்க்க நமக்கு அரை நிமிடம் போதும். ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். புதியவர் ஏன் தோற்றேன் என்று கேட்டால், மணிக்கணக்கைச் சொல்லாதீர்கள். எந்தத் திரையைத் திறந்து எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். காஸ்டீல் படையின் மொராலே (மன உறுதி) பட்டி பாதிகூட நிறையவில்லை. காரணம் நமக்குத் தெரியும். பொருளாதாரத் திரையில் ராணுவப் பராமரிப்புப் பட்டியைச் சமாதான காலத்தில் கீழே இழுத்து வைத்திருப்பார். பணம் மிச்சமாகும், தவறில்லை. ஆனால் போர் அறிவிக்கும் முன்பே அதைத் திரும்ப மேலே ஏற்ற வேண்டும். ஏற்றிய மறுநாளே வீரர்களுக்குத் தெம்பு வந்துவிடாது. மாதம் பிறக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். பட்டி நிறையச் சில மாதங்கள் ஆகும், அதுவரை படையை எல்லையில் நிறுத்திவைக்க வேண்டும். மொராலே குறைந்த படை எத்தனை பெரிதானாலும், ஆள் சாகும் முன்பே ஓடிவிடும். 20 என்ற எண்ணை நம்பிப் போனவருக்கு இதை யார் சொல்வது?

இரண்டாவது, நிலம். கிரனாடா படை மலையில் நின்றது. மலையில் ஏறித் தாக்குகிறவருக்கு, சண்டையில் உருளும் பகடையில் 2 குறையும். ஆற்றைக் கடந்து வந்தால் இன்னும் 1. பகடை 0 முதல் 9 வரை விழும். 5 விழுந்தால் அவர் கையில் நிற்பது 2 மட்டும். மூன்றாவது, தளபதி. எதிரிப் படைக்குத் தளபதி இருந்தார், இவர் படைக்கு இல்லை. மூன்று நாள் ஃபயர் (தூரத்திலிருந்து சுடுவது), மூன்று நாள் ஷாக் (நெருங்கி மோதுவது) என்று சண்டை மாறி மாறிப் போகும். ஆட்டம் தொடங்கும் 1444-இல் ஃபயரில் பெரிதாக ஆள் விழாது, ஷாக்தான் அறுக்கும். எதிரித் தளபதிக்கு ஷாக் 3 என்றால், தளபதி இல்லாத இவருக்கு எதிராக அந்த வித்தியாசம் முழுவதும் எதிரியின் பகடையில் கூடும். ஒரு தளபதியை எடுக்க, மாதாமாதம் சேரும் மிலிட்டரி (ராணுவ) புள்ளியில் 50 போதும்.

இந்த மூன்றும் சேர்ந்தால் இரண்டு மடங்கு படையும் தோற்கும். இதைச் சொல்ல ஆயிரம் மணி நேரம் எதற்கு? "பராமரிப்பை ஏற்று, மாதம் பிறக்கக் காத்திரு, தளபதியை வை, அவன் சமவெளிக்கு இறங்கும்வரை மலையில் கை வைக்காதே." நான்கு வரி.

இந்த நான்கு வரி கிடைத்த பிறகுதான் ஒருவருக்கு இந்த ஆட்டம் பிடிக்கத் தொடங்குகிறது. தோல்விக்குக் காரணம் தெரியாதவரை அது வெறும் எரிச்சல். காரணம் தெரிந்துவிட்டால் அடுத்த போரில் வரைபடத்தையே வேறு கண்ணால் பார்ப்பார். ஆறு எங்கே ஓடுகிறது, கோட்டை எந்த வழியை மறிக்கிறது, எதிரிக்கு யார் கூட்டாளி என்று தேடுவார். அந்த ருசியைத்தான் நாம் தட்டிப் பறிக்கிறோம்.

போரில் ஜெயித்த புதியவர்கள் அடுத்து விழும் குழியும் உங்களுக்குத் தெரியாததில்லை. சமாதானத் திரையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொள்வார்கள். பிடித்த மாநிலத்தைக் கோர் (முழு உரிமையுள்ள சொந்த மண்) ஆக்க, அடிப்படைக் கணக்கில், ஒரு டெவலப்மென்டுக்கு (மாநிலத்தின் வளர்ச்சி அளவுக்கு) 10 அட்மின் (நிர்வாக) புள்ளி. க்ளெய்ம் (முன்பே வைத்த உரிமைக் கோரிக்கை) இருந்தால் கொஞ்சம் குறையும். 12 டெவலப்மென்ட் உள்ள மூன்று மாநிலங்கள் என்றால் 360 புள்ளி. மாத வருமானமோ அடிப்படை 3, அதோடு அரசரின் திறமை 0 முதல் 6 வரை, அதோடு ஆலோசகர். சுமாரான அரசர் 3, முதல் நிலை ஆலோசகர் 1 என்றால் மாதம் 7. அந்த 360-ஐச் சேர்க்க நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் டெக் (தொழில்நுட்பம்) பின்னால் போகும். ஓவர் எக்ஸ்டென்ஷன் (கோர் ஆக்காத நிலத்தின் சுமை) 100 சதவீதத்தைத் தாண்டினால் கலகத்துக்கு மேல் கலகம். பக்கத்து நாட்டில் ஏஇ (நம் ஆக்கிரமிப்பால் ஏறும் கோபம்) 50-ஐத் தொட்டு, உறவும் மைனஸில் இருந்தால், நமக்கு எதிரான கூட்டணியான கோலிஷனில் சேர்வான். ஏஇ ஆண்டுக்கு 2 வீதம்தான் இறங்கும். கையெழுத்துப் போடும் முன்பு அந்தத் திரையில் ஏஇ எண் மீது மவுஸை வைத்தால், எந்த நாட்டுக்கு எவ்வளவு கோபம் ஏறும் என்று வரிசையாகக் காட்டும். கோலிஷன் வந்து எல்லாம் இடிந்த பிறகு "ஏஇ பாக்கலையா?" என்று கேட்கிறோம். போருக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தின் எழுத்து ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மொழிகளில்தான் இருக்கிறது. 2013-இல் வந்த ஆட்டம், பேட்ச்சுக்குப் பேட்ச் (புதுப்பிப்புக்குப் புதுப்பிப்பு) விதி மாறியது. பழைய வீடியோவில் சொன்ன வழி இன்றைய பதிப்பில் வேலை செய்யாது. டிஎல்சி (கூடுதல் தொகுப்பு) பலவும் தனிக் காசு. எந்த பட்டன் தன்னிடம் இருக்கிறது, எது இல்லை என்பதே புதியவருக்குத் தெரியாது. இப்போது ஐந்தாம் பதிப்பும் 1337-இல் தொடங்கி இன்னும் பெரிதாக வந்து நிற்கிறது. இத்தனை சுவரையும் எழுப்பியது நாம் இல்லை. ஆனால் இதையெல்லாம் தாண்டி, கூகுளில் துழாவி, நம்மவர் யாராவது தமிழில் சொல்வார்களா என்று வந்து நிற்பவர் முகத்தில் கதவைச் சாத்துவது நாம்தான். தமிழில் கேட்டவருக்குத் தமிழில் பதில் சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"முதல்லயே பைசாண்டியம் எடு, அப்பதான் கத்துப்ப" என்று, தாக்குப்பிடிக்கவே கடினமான அந்த நாட்டைக் கைகாட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். தயவுசெய்து நிறுத்துங்கள். நீந்தத் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளுவது பயிற்சி ஆகாது. போர்ச்சுகலைக் கொடுங்கள். ஐரோப்பாவில் அதற்கு ஒரே அண்டை நாடு, காஸ்டீல். அதோடு நட்பு வைத்துக்கொண்டால் நிம்மதியாகக் கடலைப் பார்க்கலாம். அட்மின் டெக் 5 வந்ததும் எக்ஸ்ப்ளோரேஷன் (கடல்வழி ஆய்வு) என்ற ஐடியா தொகுப்பை எடுத்து, அதில் ஒரு ஐடியாவுக்கு 400 டிப்ளமாட்டிக் (ராஜதந்திர) புள்ளி எப்படிச் சேர்கிறது என்று பழகட்டும். வேகம் 2-ஐத் தாண்ட வேண்டாம் என்றும், சந்தேகம் வந்தால் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தச் சொல்லியும் அனுப்புங்கள். முதல் ஆட்டம் 1500-இல் முடிந்தால் போதும். உலகத்தைப் பிடிப்பதெல்லாம் பிறகு.

நம் பிள்ளைகளில் பலர் ஆசையாக விஜயநகரத்தை எடுக்கிறார்கள். நல்ல தேர்வு, தடுக்காதீர்கள். மறுமலர்ச்சி என்ற புதுமை இத்தாலிப் பக்கம் பிறந்து மெல்லப் பரவும், அது வந்து சேரும்வரை டெக் விலை ஏறிக்கொண்டே போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். மலையும் காடும் இல்லாத ஒரு மாநிலத்தைத் தேர்ந்து, புள்ளிகளைச் சேர்த்து வைத்து, அதை மட்டும் தொடர்ந்து வளர்த்தால் அங்கேயே மறுமலர்ச்சியை வரவழைக்கலாம் என்று கூடவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால், நம்ம நாடு மட்டும் ஏன் பின்தங்குகிறது என்று மனம் விட்டுப்போய் ஆட்டத்தையே அழித்துவிடுவார்கள். பலர் அப்படி அழித்துவிட்டுப் போயும் இருக்கிறார்கள்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றையும் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆட்டம் 1444 நவம்பர் 11-இல் தொடங்குகிறது. முந்தைய நாள்தான் ஒட்டோமான் துருக்கியரோடு நடந்த வர்ணா போர். போலந்து, ஹங்கேரி இரண்டுக்கும் அரசனாக இருந்த இருபது வயது மூன்றாம் விளாதிஸ்லாவ் அதில் விழுந்தான். போலந்தின் அரியணை ஏன் காலியாக இருக்கிறது என்று குழம்பும் புதியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அந்த நாட்டை அவர் இனி விடமாட்டார். காஸ்டீலின் வாரிசு என்ரிக்கேவுக்கு ஏன் நிர்வாகம், ராஜதந்திரம், ராணுவம் என்ற மூன்று திறமையிலும் பூஜ்யம் என்று கேட்டால், அவன் ஆண்ட 1454 முதல் 1474 வரை அந்த அரசு பட்ட பாட்டைச் சொல்லுங்கள்.

கோபமாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அனுபவத்தின் மேல் மதிப்பு இருப்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன். மீண்டும் அதே வேண்டுகோள். கேள்வி வந்தால், எந்தத் திரை, எந்த எண், எதனால். இந்த மூன்றையும் சொல்லுங்கள். நேரம் இல்லையென்றால் பேசாமல் கடந்து போங்கள், சிரிப்பு முகம் மட்டும் போடாதீர்கள்.

அந்தக் காஸ்டீல் தம்பியின் கேள்வி இன்னும் அங்கேயே கிடக்கிறது. மேலே எழுதிய நான்கு வரியை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். கிரனாடாவை முற்றுகை இடப் போகும்போது, மிலிட்டரி டெக் 7 வரும்வரை பீரங்கி கிடையாது, கோட்டை விழ மாதக்கணக்காகும் என்பதை உங்களில் யாராவது அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்