கண்காட்சி கலைந்த மறுநாளையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் தாமிரபரணியைப் பற்றி நடந்த மாணவர் ஓவியக் கண்காட்சி குறித்துத் தங்கள் நாளிதழில் கடந்த வாரம் வந்த செய்தியைப் படித்தேன். பிள்ளைகளின் ஓவியங்களைப் பாராட்டியதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால், அரங்கமே சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் அமைந்திருந்தது என்று முடித்திருந்தீர்களே, அந்த ஒரு வரி என்னை மிகவும் வருத்தியது. வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பிளக்ஸ் நின்றது. ஆற்றின் வரைபடத்தைத் தெர்மோகோலில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். கண்காட்சி முடிந்த மறுநாள் காலையில் அவ்வழியே சென்றபோது, இவையெல்லாம் பின்சுவரோரம் குவிந்து எரிந்துகொண்டிருந்ததைக் கண்ணால் கண்டேன்.

பிளக்ஸ் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதும், அதைத் திறந்தவெளியில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் காற்றில் கலக்கும் என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பகுதிகளில் கொட்டப்பட்டபோது நம் மாவட்டமே கொதித்தெழுந்தது; பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு அவை திரும்ப அள்ளிச் செல்லப்பட்டன. வெளியார் கொட்டியதற்கு அவ்வளவு கோபப்பட்ட நாம், ஆற்றின் பெயரால் நாமே கூட்டிய கண்காட்சியின் குப்பை எரிவதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கடந்துபோகிறோம்?

இது இன்று தொடங்கியதும் அன்று. ஓவிய ஆசிரியராக நான் பணியாற்றிய காலம் முழுவதும், கண்காட்சி என்றதும் முதலில் வாங்க அனுப்பும் பொருள் தெர்மோகோல் அட்டையாகத்தான் இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் தெர்மோகோல் தட்டுக்கும் குவளைக்கும் தமிழக அரசு தடை விதித்த பிறகும், கண்காட்சி அட்டைகள் கடைகளில் தாராளமாகக் கிடைத்தன. மாவட்ட அளவிலான ஒரு கண்காட்சிக் கூட்டத்தில், மூங்கில் தட்டி கட்டி, அதன்மேல் பத்தமடைக் கோரைப் பாயை விரித்துப் படங்களை மாட்டலாம் என்றும், முடிந்தபின் சுருட்டி வைத்து அடுத்த ஆண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். எடுப்பாக இராது என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்கள். புவிசார் குறியீடு பெற்ற பாயை விருந்தினருக்கு நினைவுப் பரிசாகக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, அதைச் சுவரில் கட்ட மனம் வரவில்லை. காடாத் துணியில் தூரிகை கொண்டு எழுதிப் பிழைத்த போர்டு ஓவியர்கள் பிளக்ஸ் வந்தபின் தொழிலை இழந்து எங்கெங்கோ போய்விட்டார்கள்; ஓவியர்கள் நடத்தும் கண்காட்சியிலாவது அவர்களுக்கு ஒரு பதாகை எழுதக் கொடுத்திருக்கக் கூடாதா என்று இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலசன் போகஸ் விளக்குகள் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிடுகின்றன. அந்த வெப்பத்தைத் தணிக்க ஏ.சி., மின்சாரம் நின்றால் ஏ.சி.க்காக டீசல் ஜெனரேட்டர். உலகின் பெரிய அருங்காட்சியகங்களின் தலைவர்கள் அடங்கிய பிசோ குழுவே பழைய கடுமையான கட்டுப்பாட்டைத் தளர்த்தி, பெரும்பாலான கலைப்பொருள்களுக்கு 16 முதல் 25 பாகை வெப்பமும் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமும் போதும் என்று ஏற்றுக்கொண்டிருக்கும்போது, மாணவர்கள் சார்ட் அட்டையில் வரைந்த படங்களுக்கு நடுங்கும் குளிர் எதற்கு? திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்தின் உட்சுவர் ஓவியங்கள் எந்தக் குளிரூட்டியும் இல்லாமல் நெல்லைச் சீமையின் வெயிலையும் மழையையும் சில நூற்றாண்டுகளாகத் தாங்கி நிற்பதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். எல்.இ.டி. விளக்கும், சன்னல்களைத் திறந்து வைத்த பகல்நேர அரங்கும் இந்த ஊருக்குப் போதும். அக்ரிலிக் வண்ணம் பிளாஸ்டிக் கலந்தது என்பதைக்கூட எடுத்துச் சொல்லாமல், தூரிகை கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்றப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டு, அவர்களையே ஆற்றைக் காப்போம் என்று வரையச் சொல்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் எனக்கு இவ்வளவு வேதனை.

நான் தங்களிடம் கேட்பது சிறியது. திறப்பு விழாவுக்கு வரும் செய்தியாளரை அரங்கைப் பிரிக்கும் நாளிலும் ஒருமுறை அனுப்பி, தட்டியும் துணியும் பலகையும் எங்கே போயின என்று இரண்டு வரி சேர்த்து வெளியிடுங்கள். அவற்றை அடுத்த கண்காட்சிக்கு எடுத்து வைக்க அரங்கில் ஓர் அறை ஒதுக்கும்படி பொறுப்பாளர்களுக்கு எழுதிய கடிதத்துக்கு எனக்கு இதுவரை பதில் இல்லை. தங்கள் செய்தியாளர் கேட்டால் ஒருவேளை சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
பாளையங்கோட்டை.