போன் தடைக்கு முன்னால் பீரியடைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் சிறப்புப் பள்ளி நடத்தும் தாளாளர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும், வட்டார வள மையங்களின் மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம்.

"வகுப்பறைக்குள் மின்கருவி எதுவும் கூடாது" என்று ஒரே வரியில் சுற்றறிக்கை போட்டுவிட்டால் தொல்லை தீரும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. உங்கள் அலுப்பு புரிகிறது. டேப் (டேப்லெட் கணினி) வேண்டுமென்று தரையில் புரளும் பிள்ளை, ஸ்மார்ட் போர்டில் பாடம் முடிந்ததும் தானாக ஓடத் தொடங்கும் கார்ட்டூன், பைக்குள்ளிருந்து அடிக்கும் போன் என்று எல்லாம் சேர்ந்து பீரியடைத் தின்றுவிடுகின்றன. ஆனால் அந்த ஒரு வரி, பிடிக்கக் கூடாத இரண்டு பேரைப் பிடிக்கும்: காதுக் கருவி போட்ட பிள்ளையையும், டேப்பில் படத்தைத் தொட்டுப் பேசும் பிள்ளையையும். பிடிக்க வேண்டியவர்களை, அதாவது பெரியவர்களை, விட்டுவிடும்.

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். எட்டுப் பிள்ளைகள், ஓர் ஆசிரியர், நாற்பது நிமிட பீரியட். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து நான்கு நிமிடம் சொல்லிக்கொடுத்தால் 32 நிமிடம் போய்விடும். ஆசிரியருக்கு மூச்சுவிட நேரமில்லை. பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு: அவனுக்குக் கிடைத்தது 4 நிமிடம், காத்திருந்தது 36 நிமிடம். போன் நுழைவது அந்த 36 நிமிடத்தில்தான். அவனைச் சும்மா உட்கார வைக்க உதவியாளர் ஒரு வீடியோவைப் போட்டுக் கொடுக்கிறார். முறை வந்ததும் அதைப் பிடுங்கவேண்டி வருகிறது. பிடுங்கினால் அழுகை. அழுகை அடங்குவதற்குள் அவனுடைய 4 நிமிடமும் போய்விடுகிறது.

ஆகவே காத்திருப்பைக் குறைப்பதுதான் முதல் வேலை. எட்டுப் பேரை நான்கு நான்காகப் பிரியுங்கள். 5 நிமிடம் உட்கார்ந்து அன்றைய பட அட்டவணையைப் பார்க்க. 12 நிமிடம் முதல் குழு ஆசிரியரிடம். 3 நிமிடம் இடம் மாற. 12 நிமிடம் இரண்டாம் குழு. கடைசி 8 நிமிடம் பொருளை எடுத்துவைக்க, கை கழுவ, கழிப்பறைக்கு. இந்தக் கடைசி எட்டு நிமிடத்தை வீண் என்று நினைத்து வெட்டும் பள்ளிகள் உண்டு. வெட்டினால் அது அடுத்த பீரியடின் தொடக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சட்டை பொத்தானும் கை கழுவலும் இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகப் போடும் தனிநபர் கல்வித் திட்டத்திலேயே எழுதியிருக்கிறோம்.

ஆசிரியரிடம் இல்லாத நான்கு பேருக்குத் தட்டு முறை. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உருவான 'டீச்' முறையின் ஒரு பகுதி இது. மேசையின் இடப்பக்கம் மூன்று தட்டுகள், வலப்பக்கம் 'முடிந்தது' என்று படம் ஒட்டிய ஒரு பெட்டி. இடமிருந்து எடுத்து, நடுவில் செய்து, வலப்பக்கம் போட வேண்டும். எத்தனை வேலை இருக்கிறது, எப்போது முடியும் என்று யாரும் சொல்லாமலே பிள்ளைக்குத் தெரியும். பாசி கோர்ப்பது, துணி கிளிப்பை அட்டையில் மாட்டுவது, நட்டை போல்ட்டில் திருகுவது, படத்துக்கு ஜோடி வைப்பது போன்றவை போதும். கடையில் கிட் வாங்க வேண்டியதில்லை.

இது எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தட்டில் புதுப் பாடம் வைத்தால் பிள்ளை உதவி கேட்டு எழுந்து வரும், ஆசிரியரின் குழு கலையும். அது ஏற்கெனவே தனியாகச் செய்யத் தெரிந்த வேலையை மட்டும் வையுங்கள். ஐம்பது பாசி வைத்தால் முடிவே தெரியாது, பத்து போதும். ஒரே மூன்று தட்டு மாதக்கணக்கில் இருந்தால் தட்டு பறக்கும். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினாலும் பறக்கும். வாரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

நேரம் காட்ட ஆசிரியரின் போனில் டைமர் வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். போன் மேசைக்கு வந்ததுமே பாதிக் கண்கள் அதன் மேல்தான். அலாரம் அடித்தால் சத்தம் தாங்காத பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு ஓடும். மணல் கடிகாரம் நல்லதுதான், ஆனால் மணல் விழுவதையே பார்த்துத் திருப்பித் திருப்பி வைக்கும் பிள்ளைகளுக்கு அதுவே பொம்மையாகிவிடும். கைக்கு எட்டாத உயரத்தில் பொருத்துங்கள். எங்களுக்குப் பிடித்தது மிக எளியது: வெல்க்ரோ ஒட்டிய ஐந்து வட்ட அட்டைகள், நிமிடத்துக்கு ஒன்றைப் பிய்த்தெடுக்க வேண்டும். பார்வையில்லாத பிள்ளைக்கு இரண்டு கிண்ணமும் ஐந்து சோழியும். ஒவ்வொன்றாக அடுத்த கிண்ணத்தில் போடும்போது சத்தமும் கேட்கும், கைக்கும் தெரியும். எதையும் வாயில் போடும் பிள்ளை வகுப்பில் இருந்தால் சோழியும் புளியங்கொட்டையும் கூடவே கூடாது. உள்ளங்கையளவு மரக்கட்டை வையுங்கள்.

இனி கருவிகள். எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம். மூன்று வகையாகப் பிரித்து மூன்று நிற உறை போடுங்கள்.

முதல் வகை உடலோடு சேர்ந்தது: காதுக் கருவி, அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் காக்ளியர் கருவி, ஆசிரியரின் குரலைக் காதுக் கருவிக்கு அனுப்ப அவர் கழுத்தில் மாட்டும் மைக். இவை எந்தத் தடைக்குள்ளும் வராது. காலையில் முதல் இரண்டு நிமிடத்தை இதற்குக் கொடுங்கள். பிள்ளையின் பின்னாலோ பக்கத்திலோ நின்று, உதடு தெரியாதபடி, ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேட்டதும் பிள்ளை ஒரு கட்டையைப் போட வேண்டும். நேற்றுக் கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லை என்றால் கருவியின் பேட்டரி, காதுக்குள் பொருந்தும் அச்சு, அதற்குப் போகும் குழாய் மூன்றையும் பாருங்கள். காதுக் கருவிக்குப் போடும் ஜிங்க்-ஏர் பேட்டரியின் ஒட்டுத்தாளைப் பிரித்துவிட்டால் போடாமல் வைத்திருந்தாலும் அது தீர்ந்துகொண்டே இருக்கும். எனவே முன்கூட்டிப் பிரித்து அடுக்க வேண்டாம். பிரித்தபின் ஓரிரு நிமிடம் காற்றுப் பட விட்டுப் போடுங்கள். பேட்டரி தீர்ந்த கருவியோடு காலை முழுக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத்தான் 'கவனம் இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறோம்.

இரண்டாவது, பேச்சுக் கருவி. சென்னையில் உருவான 'ஆவாஸ்' போன்ற படச் செயலி உள்ள டேப். இது பிள்ளையின் வாய். குறும்பு செய்தான் என்று இதை வாங்கி அலமாரியில் பூட்டுவது வாய்க்குத் துணி கட்டுவதற்குச் சமம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பேச்சுக்குத் துணையாகும் மாற்றுத் தொடர்பு முறைகளை ஊக்குவிப்பதை அரசின் கடமையாகவே வைத்திருக்கிறது. அதனால்தான் இந்த டேப்பில் யூடியூப், விளையாட்டு, கேலரி எதுவும் இருக்கக் கூடாது என்று கறாராகச் சொல்கிறோம். பேசும் டேப்பிலேயே பாட்டும் ஓடினால் பிள்ளை பேச மாட்டான், பாட்டுத்தான் கேட்பான். அப்புறம் நீங்கள் பிடுங்குவீர்கள்.

அதைப் பூட்டுவது எளிது. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் பாதுகாப்புப் பகுதியில் 'ஆப் பின்னிங்' இருக்கும். சில போன்களில் பெயர் சற்று மாறும். அதை இயக்கி, விடுவிக்கும்போது பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள். பின் நம்பர் இல்லாமல் விட்டால் வெளியேறும் விரல் அசைவைப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். ஐபேடில் 'கைடட் ஆக்சஸ்': பட்டனை மூன்று முறை அழுத்தினால் ஒரே செயலியில் நிற்கும், திரையில் வேண்டாத இடத்தை வட்டமிட்டுச் செயலிழக்கவும் வைக்கலாம். அறிவிப்புகளை அணைத்து, சிம்மை எடுத்துவிடுங்கள்.

செயலியோடு வரும் சொற்களை அப்படியே விடாதீர்கள். இந்த ஊர்ப் பிள்ளைக்குப் பீட்சா படத்தைவிடப் பணியாரப் படம்தான் முதலில் வேண்டும். 'பாட்டி' என்ற ஒரே பொத்தானை வைத்தால் அவன் அப்பாவைப் பெற்ற அப்பத்தாளைக் கேட்கிறானா, அம்மாவைப் பெற்ற ஆயாளைக் கேட்கிறானா என்று யாருக்கும் விளங்காது. வீட்டில் என்ன கூப்பிடுகிறார்களோ அந்தச் சொல்லை, முடிந்தால் அந்த வீட்டார் குரலிலேயே, பதிந்து வையுங்கள். அதே பலகையை அச்சடித்து, லேமினேட் செய்து, கழுத்துக் கயிற்றில் ஒன்றும் மேசையில் ஒன்றும் வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் பிற்பகலுக்குள் டேப் சார்ஜ் இறங்கிவிடும். அன்றைக்குப் பிள்ளை ஊமையாகக் கூடாது. மின்தடை நாள் முன்னமே தெரிந்துவிடுவதால், 'இன்று கரண்ட் இல்லை' என்ற படத்தைக் காலை அட்டவணையிலேயே ஒட்டுங்கள்.

மூன்றாவது வகையில் மற்றதெல்லாம் அடங்கும்: பாட்டு, வீடியோ, விளையாட்டு, ஸ்மார்ட் போர்டு. இங்கே கட்டுப்பாடு வேண்டும். ஆனால் சண்டை திரை தொடங்கும்போது வருவதில்லை, முடியும்போதுதான் வருகிறது. முடிவே இல்லாத வீடியோவைக் கொடுத்துவிட்டு முடிக்கச் சொல்வது நியாயமில்லை. இரண்டு மூன்று நிமிடக் காட்சியை மட்டும் முன்கூட்டி இறக்கி, வெட்டி, கடைசியில் தட்டு முறையில் வரும் அதே 'முடிந்தது' படத்தைச் சேர்த்துவிடுங்கள். பாடம் நடக்கையில் வைஃபையை அணைத்துவிட்டால் தானாக ஓடும் அடுத்த வீடியோவும் இல்லை, விளம்பரமும் இல்லை. திரைக்குப் பிறகு என்ன என்பதை 'முதலில்–பிறகு' அட்டையில் முன்பே காட்ட வேண்டும். அந்த 'பிறகு' பிள்ளைக்குப் பிடித்த ஒன்றாக இருக்கட்டும். முடிந்ததும் டேப்பைப் பெட்டியில் வைப்பது பிள்ளையின் கையாகவே இருக்க வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பளிச் பளிச்சென்று மினுக்கும் காட்சிகளை முழுதுமாக ஒதுக்கிவிடுங்கள்.

கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய பழைய வளவு வீடுகளில் நடக்கும் வகுப்புகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. உயர்ந்த கூரை, மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை. சத்தத்தை உறிஞ்ச அங்கே எதுவும் இல்லை. ஒரு மூலையில் ஓடும் டேப் பாட்டு கூடம் முழுக்கச் சுற்றும். காதுக் கருவிக்கு அந்த எதிரொலியும் ஆசிரியரின் குரலும் ஒன்றாகக் கலந்துதான் போகும். தரையில் கனமான விரிப்பு, சுவரோரம் கனத்த பருத்தித் துணி, பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் இடையே ஒரு மீட்டருக்குள் தூரம். இவ்வளவு செய்தாலே வித்தியாசம் தெரியும். முட்டை அட்டை ஒட்டுவதை விட்டுவிடுங்கள். சத்தம் பெரிதாகக் குறையாது, தீப்பிடிக்கும் ஆபத்து மட்டும் கூடும். ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாடு நமக்கு அழகு. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும். அவர்கள் உட்காரும் இடத்தில் ஒரே நிறப் பாயை விரியுங்கள். முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், தெருவில் போகும் ஆட்டோ வரை பிள்ளைக்குத் தெரியும். உட்கார்ந்த கண் மட்டத்துக்கு ஒரு தட்டி போதும். திரையை முற்றத்துக்கு நேரெதிரே வைத்தால் வெளிச்சம் பட்டு ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்புங்கள்.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொன்று, வெளிநாட்டு அழைப்பு. அப்பா சிங்கப்பூரில் இருப்பார். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம் 12.30 என்றால் இங்கே காலை 10.00, பிள்ளைகள் தெளிவாக இருக்கும் சிறந்த பீரியட் அது. வீட்டில் பிரியத்தோடு பையில் போட்டனுப்பிய போன் சரியாக அப்போது அடிக்கும். துபாய் மதியம் ஒரு மணி, இங்கே 2.30. பெற்றோர் கூட்டத்தில் இந்த நேரக் கணக்கை எழுதியே கொடுங்கள்; மாலை வீட்டில் அழைக்கச் சொல்லுங்கள். அப்பாவின் அழைப்பு நேரமும் பிள்ளையின் வீட்டு அட்டவணையில் ஒரு படமாக ஏறட்டும். எப்போது வரும் என்று தெரிந்தால் பகலெல்லாம் போனைத் தேட மாட்டான்.

கடைசியாக, நீங்கள் மட்டுமே சரிசெய்யக்கூடியது. வகுப்பில் அதிகம் ஒளிரும் திரை பெரியவர்களுடையது. வருகைப் பதிவு, இணையப் படிவம், வாட்ஸ்அப்பில் "உடனே போட்டோ அனுப்பவும்". நன்கொடையாளர் வந்தால் படம், பிறந்தநாள் உணவென்றால் படம். பீரியட் நடுவே வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆசிரியர் குழுவை விட்டு எழுகிறார்; நான்கு பிள்ளைகளை மறுபடி உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. பதிவுகளை மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வேளையாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அன்றைய வருகையை உரிய நேரத்தில் ஏற்றியே ஆக வேண்டுமென்றால் அலுவலகத்தில் ஒருவர் ஏற்றட்டும். பிள்ளைகளின் படத்தைப் பொதுக் குழுவில் போடுவதற்கு முன், குழந்தைகளின் தகவலுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிற 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வகுப்புக்கு ஒரே ஒரு அவசரப் போன் இருக்கட்டும். சுவரில் ஓர் உறையில், சார்ஜ் ஏற்றி, பக்கத்தில் 108ம் பெற்றோர் எண்களும் எழுதி. வலிப்பு வந்தால் சுவர்க் கடிகாரத்தில் நேரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மருத்துவரிடம் காட்ட அந்த வலிப்பைப் படம் பிடிப்பது மட்டும் பயனுள்ள படம். பிடித்ததைப் பெற்றோருக்கு அனுப்பிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிட வேண்டும்.

சுற்றறிக்கை போடுவதற்கு முன் இரண்டு வாரம், ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று பத்தி மட்டும் எழுதச் சொல்லுங்கள்: கவனம் சிதறுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் அதற்கு என்ன கிடைத்தது. பெரியவர்களின் போனால் நின்ற பீரியடையும் அதே நோட்டில் சேர்க்க வேண்டும். ஆசிரியர் மேல் குற்றம் தேட அந்த நோட்டைப் பயன்படுத்த மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால்தான் உள்ளது உள்ளபடி எழுதுவார்கள். அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை உட்காருவோம். அதுவரை தடை உத்தரவை நிறுத்தி வையுங்கள். காதுக் கருவி பேட்டரிக்கும் லேமினேஷனுக்கும் மாதச் செலவில் ஒரு சிறு தொகையை இந்த மாதமே ஒதுக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
செட்டிநாட்டுப் பகுதிச் சிறப்பு ஆசிரியர்கள் சிலர்