வெளிநடப்புக்குப் பிறகு அவையில் என்ன நடந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

14 வருடமாகச் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். துவாஸ் பக்கம் தங்குவிடுதியில் இருக்கிறேன். தமிழகச் சட்டப்பேரவை கூடிவிட்டால் எங்கள் அறையில் இரவுப் பேச்சே அதுதான். உங்கள் நாளிதழை நான் சத்தமாக வாசிப்பேன், சட்டை மடித்துக்கொண்டும் சமைத்துக்கொண்டும் மற்றவர்கள் கேட்பார்கள். ஆனால் அமளி, வெளிநடப்பு, அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய பேச்சு என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. எதிர்க்கட்சி வெளியே போன பிறகு உள்ளே என்ன நிறைவேறியது என்று தெரிவதே இல்லை.

எங்கள் ஊரில் வாய்க்காலைத் தாண்ட ஒரு மரப்பாலம்தான். மழைக்காலத்தில் பலகை வழுக்கும். பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளைகளின் சைக்கிளை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் வைப்பார். சில வருடங்களுக்கு முன்பு எங்கள் தொகுதி உறுப்பினர் கேள்வி நேரத்தில் அந்தப் பாலத்தைப் பற்றிக் கேட்டார். 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. பாலம் கிடைத்துவிட்டது என்றே நம்பி அன்றிரவே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் போய்விட்டது.

அறையில் கும்பகோணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர்தான் விளக்கினார். கேள்வி நேரத்தில் கிடைப்பது பதில் மட்டும்தான், பணம் மானியக் கோரிக்கையில்தான் கிடைக்கும். பட்ஜெட் மீது பொது விவாதம் முடிந்ததும் ஒவ்வொரு துறை அமைச்சரும் 'என் துறைக்கு இவ்வளவு தாருங்கள்' என்று பேரவையிடம் கேட்க வேண்டும். அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். அது தோற்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அதை வைத்துத்தான் தொகுதிக் குறைகளைப் பேச முடிகிறது. கோரிக்கைகள் எல்லாம் நிறைவேறிய பிறகு நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு, அதாவது மசோதா வரும். அது சட்டமானால்தான் அரசு அந்தப் பணத்தை எடுத்துச் செலவு செய்யலாம். துறை என்ன செய்கிறது, என்ன செய்யப்போகிறது என்று சொல்லும் கொள்கை விளக்கக் குறிப்பையும் துறை வாரியாக அவையில் வைக்கிறார்கள். அந்த வருடத்துக் குறிப்பை இணையத்தில் எடுத்து, போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி நானும் அண்ணனும் நள்ளிரவு வரை தேடினோம். எங்கள் பாலம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

வெளிநடப்புச் செய்தால் அவை நின்றுவிடும் என்றும் நினைத்திருந்தேன். 234 பேர் உள்ள பேரவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 பேர் இருந்தாலே அவை நடக்கும். இருப்பவர்களில் பெரும்பான்மை வாக்களித்தால் சட்டமுன்வடிவு நிறைவேறிவிடும். தமிழகத்தில் இரண்டாவது அவையான மேலவை 1986ஆம் ஆண்டோடு போய்விட்டதால் அடுத்து ஆளுநரின் ஒப்புதல்தான். ஆந்திராக்காரத் தம்பி ஒருவர் எங்கள் அறையில் இருக்கிறார். அவர்கள் மாநிலத்தில் 2020இல் மூன்று தலைநகர் அமைக்கும் மசோதாவைப் பேரவை நிறைவேற்றியும் மேலவையில் அது தேங்கி நின்றதைக் கதை கதையாகச் சொல்வார். மேலவையாலும் சாதாரண மசோதாவைச் சில மாதம் தள்ளிப்போடத்தான் முடியும், கடைசியில் பேரவை சொல்வதுதான் நிற்கும். நமக்கு அந்தத் தாமதம்கூட இல்லை. அதனால் பேரவைக்குள் நடக்கும் விவாதம் ஒன்றுதான் நமக்குக் காவல். பேரவை விதி 110இன் கீழ் முதலமைச்சர் அறிவிப்பு வெளியிட்டால் அதன் மேல் விவாதமும் கிடையாது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கூட்டத்தொடர் நாட்களில் ஒரு சின்னக் கட்டம் போதும். இன்று எந்தத் துறையின் மானியக் கோரிக்கை, எவ்வளவு தொகை, எந்தத் தொகுதிக்காரர் என்ன கேட்டார், எந்தச் சட்டமுன்வடிவு எவ்வளவு நேர விவாதத்தில் நிறைவேறியது என்று போடுங்கள். என்னைப் போன்றவர்கள் ஓட்டுப் போடவேண்டுமானால் கடப்பிதழோடு சொந்த ஊர் வாக்குச்சாவடிக்கே நேரில் போக வேண்டும். லீவும் டிக்கெட்டும் ஒத்துவருவது அபூர்வம். நாங்கள் ஊரோடு பேசுவது உங்கள் பக்கங்கள் வழியாகத்தான்.

எல்லாத் துறைக்கும் இடம் இல்லை என்றால், ஊரக வளர்ச்சித் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் வரும் நாட்களில் மட்டுமாவது போட்டால் சரி.

இப்படிக்கு,
பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஒருவர்,
துவாஸ்