பரிசோதனை முடிந்தது, பதிவேடு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாநகராட்சி ஊழியர்களுக்கான தொழில்சார் மருத்துவச் சேவையை வெளி மருத்துவமனைகளிடம் ஒப்பந்தத்தில் விடுவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் கருத்துகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். ஒரு நகராட்சியின் பணியாளர் பிரிவில் 26 ஆண்டுகள் இருந்து, இத்தகைய கோப்புகள் பலவற்றைப் புரட்டியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். வெளியே விடுவதே தவறு என்பது என் வாதமல்ல. காதைச் சோதிக்கும் ஒலித்தடுப்பு அறையையும், நுரையீரலின் திறனை அளக்கப் பயிற்சி பெற்றவரையும், தொழில்சார் மருத்துவம் படித்த மருத்துவரையும் ஒவ்வொரு நகராட்சியும் சொந்தமாக வைத்துக்கொள்ள இயலாது. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெளியாமலேயே விலை பேசி முடித்துவிடுவது நான் கண்ட ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றின் குறை.

ஒப்பந்தப்புள்ளி அட்டவணையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இரத்தச் சர்க்கரைக்கு இவ்வளவு, மார்பு எக்ஸ்ரேவுக்கு இவ்வளவு, கண்ணுக்கும் காதுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கட்டம் கட்டமாக விலை கேட்பார்கள். கூட்டுத்தொகை எவருக்குக் குறைவோ அவருக்கே வேலை. முடிவுகளை யார் படிப்பது, சென்ற ஆண்டின் முடிவோடு யார் ஒப்பிடுவது, மாறுதல் தெரிந்தால் யாரிடம் சொல்வது என்பவற்றுக்கு அந்த அட்டவணையில் கட்டமே இருக்காது. கட்டம் இல்லாத வேலைக்குப் பணம் இல்லை. பணம் இல்லாத வேலையை எந்த ஒப்பந்ததாரரும் செய்யப்போவதில்லை. பரிசோதனைக்கு வந்தவர்களின் கையெழுத்துப் பட்டியல் மட்டும் எப்போதும் நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும்.

நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பணிமனை வளாகத்தில் ஒருமுறை மருத்துவ முகாம் நடந்தது. காது சோதிக்கும் வண்டியை மின்சார வசதிக்காக ஜெனரேட்டருக்குப் பத்தடி தள்ளி நிறுத்தியிருந்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து சாலையில் கான்கிரீட் உடைக்கும் இயந்திரத்தைப் பிடித்திருந்தவர்களை, பதினொரு மணிக்குக் கையைக் கழுவவும் நேரம் தராமல் அழைத்துவந்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இரைச்சலில் நின்ற காது சில மணி நேரம் மந்தமாகவே இருக்கும் என்பதால், பிற்காலத்தில் ஒப்பிடுவதற்கு அடிப்படையாக வைக்கும் முதல் சோதனைக்கு முன்பு 14 மணி நேரமாவது பணியிட இரைச்சலிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது இத்துறையில் நெடுநாள் விதி. அன்று எடுத்த தாள்களில் பாதிப்பேருக்குக் கேட்புத்திறன் குறைவு என்று வந்தது. இயந்திரத்தால் வந்த குறையா, ஜெனரேட்டரால் வந்த குறையா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அத்தனை தாள்களும் ஒரு மஞ்சள் உறைக்குள் போயின.

இரைச்சலால் காது கெடுவது திடீரென நேர்வதன்று. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் நாளுக்கு எட்டு மணி நேரமாக ஆண்டுக்கணக்கில் நிற்பவருக்கு, கேட்புத்திறன் வரைபடத்தில் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் சுருதியையொட்டி முதலில் ஒரு பள்ளம் விழும். பேச்சு நன்றாகவே கேட்கும் என்பதால் அவருக்கே அது தெரியாது. பள்ளம் அகலமாகி, வீட்டில் இருப்பவர்கள் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் போன கேட்புத்திறன் திரும்பாது. ஆகவே இந்தச் சோதனையின் பயன், இந்த ஆண்டின் வரைபடத்தைப் பழைய ஆண்டுகளின் வரைபடத்தோடு சேர்த்து வைத்துப் பார்ப்பதில் இருக்கிறது. தனித்தாள் ஒன்று ஏறத்தாழ எதையும் சொல்லாது.

நுரையீரலுக்கும் இதே கணக்குதான். வயது, உயரம், பாலினம் ஆகியவற்றைக் கொண்டு எதிர்பார்க்கும் அளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஊதிவிட்டால் ‘இயல்பு’ என்று முத்திரை குத்தும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வேலைக்குச் சேர்ந்தபோது 112 விழுக்காடு ஊதிய ஒருவர் பத்தாண்டு குப்பைத் தூசியிலும் டீசல் புகையிலும் நின்றபின் 86 ஊதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தம் மூச்சில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்துவிட்டார். தாளிலோ இரண்டு முறையும் ‘இயல்பு’. அந்தச் சோதனையும் ஏற்கத்தக்க மூன்று ஊதல்கள் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது; தலைக்கு இவ்வளவு என்று பேசிய ஒப்பந்தத்தில் ஒரே ஊதலோடு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

இங்கேதான் என் முதன்மையான முறையீடு வருகிறது. ஒப்பந்தம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கைமாறுகிறது. புதிதாக வருபவர் தம் மென்பொருளில் எல்லோருக்கும் புதுப் பக்கம் திறந்து, அந்த ஆண்டின் சோதனையையே முதல் சோதனையாக எழுதிக்கொள்கிறார். பழையவர் தம்மிடம் உள்ளதைக் கேட்டால் அது தமது மருத்துவமனையின் ஆவணம் என்கிறார். அதிகம் வற்புறுத்தினால் திறக்க முடியாத கோப்புகள் அடங்கிய ஒரு குறுந்தகட்டைத் தருகிறார். என்னோடு பணியாற்றிய மூத்த இயந்திர ஓட்டுநர் ஒருவர் ஓய்வுபெறும் தறுவாயில் காது கேளாமைக்கு இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தார். பணியில் சேர்ந்தபோது அவருக்குக் காது நன்றாக இருந்தது என்பதற்கு என்ன சான்று என்று கேட்டுக் கோப்பு திரும்பிவந்தது. அவருக்கு ஆறு முறை சோதனை நடந்ததற்கு ஆறு முறையும் நாங்கள் பணம் கொடுத்த ரசீது என்னிடமே இருந்தது. சோதனையின் முடிவு ஒன்றுகூட இல்லை. அந்தக் கோப்பில் குறிப்பு எழுதியவன் நானே என்பதால் இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

பரிசோதனைப் பதிவேடு ஊழியருடையது, அதைப் பாதுகாக்கும் பொறுப்பு நகராட்சியுடையது, ஒப்பந்ததாரர் அதை எழுதித் தருபவர் மட்டுமே என்று ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் ஊழியர் கையில் ஒரு நகல் போக வேண்டும். ஒப்பந்தம் முடியும்போது எல்லாப் பதிவுகளையும் எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய வடிவத்தில் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதிகள், நச்சுப்பொருள்களுக்கு ஆட்படும் தொழிலாளியின் மருத்துவப் பதிவுகளை அவருடைய பணிக்காலம் முழுதும், அதற்குப் பின் 30 ஆண்டுகளும் காக்கச் சொல்கின்றன. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் வரும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டக்கூடியது என்பதை நினைத்தால் அந்தக் கால அளவு மிகையாகத் தோன்றாது.

அடுத்து, எல்லோருக்கும் ஒரே பட்டியல் என்ற வழக்கம். மருத்துவமனைகள் தம்மிடம் ஆயத்தமாக உள்ள முழு உடல் பரிசோதனைத் தொகுப்பை அப்படியே நீட்டுகின்றன. எழுத்தருக்கும் கொழுப்புச் சோதனை, கழிவுநீர்க் குழாயில் வேலை செய்பவருக்கும் அதே கொழுப்புச் சோதனை. பின்னவரைக் கொல்வது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றமாகத் தொடங்கும் அந்த வாயு, காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கை மரக்கச் செய்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று எண்ணி அடுத்த அடி வைப்பவர் மயங்கி விழுகிறார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். எந்த இரத்தப் பரிசோதனையும் இதை முன்கூட்டிச் சொல்லாது. பணியிடத்துக்குப் போய்ப் பார்த்து, மனிதர் உள்ளே இறங்கும் வேலையே கூடாது என்று எழுதிக் கொடுக்கும் மருத்துவர்தான் இங்கே பயன்படுவார். தொழில்நோய் மருத்துவத்தின் தந்தை எனப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தம் வீட்டு மலக்குழியை அள்ள வந்தவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்று நின்று கேட்டதையும், நான்கு மணி நேரத்துக்கு மேல் இதிலே இருந்தால் கண் போய்விடும் என்று அவர் சொன்னதையும் 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எழுதிவைத்திருக்கிறார். நான் பார்த்த ஒப்பந்தங்களில் மருத்துவர் பணியிடத்துக்கு வந்து போவதற்கு ஒரு நாள்கூட ஒதுக்கியதில்லை.

குப்பை பிரிக்கும் கையில், யாரோ எறிந்த மருத்துவ ஊசி குத்துவதற்கு அலுவலக நேரம் கிடையாது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள், கூடுமானவரை முதல் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். வார நாள்களில் பத்து முதல் ஐந்து வரை என்று சேவை நேரம் எழுதிய ஒப்பந்தத்தில், சனிக்கிழமை இரவு கையில் ஊசி குத்தப்பட்டவர் திங்கட்கிழமை வரிசையில் நிற்கும்போது அந்தக் கெடுவில் பாதிக்கு மேல் கரைந்திருக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. முகாம் நாளில் முதல் ஊசிக்குக் கூட்டம் நெரிகிறது. மூன்றாவதுக்கு ஆளைத் தேடிப்போக எவரும் இல்லை. ஊசிக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்காமல், மூன்றும் முடித்து, ஓரிரு மாதம் கழித்து எதிர்ப்பாற்றல் உண்டானதா என்று இரத்தத்தில் சோதித்துக் காட்டினால் இவ்வளவு என்று எழுதினால், ஆளைத் தேடும் வேலையை ஒப்பந்ததாரரே பார்த்துக்கொள்வார்.

மருத்துவர் யாருடைய ஆள் என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. மருத்துவ விடுப்பு கேட்பவர் உண்மையிலேயே நோயாளிதானா என்று துப்பறிவதையும், ஊழியரின் உடல்நலத்தைக் கண்காணிப்பதையும் ஒரே மருத்துவரிடம் ஒப்படைக்கிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1985ஆம் ஆண்டு 161ஆம் உடன்படிக்கை, தொழில்சார் மருத்துவப் பணியாளர்கள் முதலாளியிடமிருந்தும் தொழிலாளியிடமிருந்தும் முழுமையான தொழில் சுதந்திரத்தோடு இயங்க வேண்டும் என்றும், விடுப்பின் காரணத்தைச் சரிபார்க்கும்படி அவர்களை முதலாளி கேட்கக் கூடாது என்றும் கூறுகிறது. பரிசோதனையால் ஊதிய இழப்பு ஏற்படக் கூடாது, அது இலவசமாகவும், கூடுமானவரை பணி நேரத்திலேயும் நடக்க வேண்டும் என்பதும் அதில் உள்ளது. மேலதிகாரிக்குத் தெரிய வேண்டியது, இந்த வேலைக்குத் தகுதி, கட்டுப்பாட்டோடு தகுதி, தற்போது தகுதியில்லை என்ற மூன்றில் ஒன்று மட்டுமே. மேற்பார்வையாளர் மேசையில் ஊழியர்களின் சர்க்கரை அளவும் மனநல மாத்திரைப் பெயரும் விரித்துக் கிடக்க, தேநீர் கொண்டுவந்தவரும் நின்று படித்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் வலிப்பு வரும் ஓட்டுநர் தமக்கு வலிப்பு வருகிறது என்று எந்தத் துணிச்சலில் சொல்வார்? சொன்னால் வண்டியை விட்டு இறக்கிவிட்டு மாற்றுப் பணி தரும் ஏற்பாடும் இல்லையென்றால், அவர் வாயைத் திறக்காததைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவும் நிரந்தர ஊழியர்களைப் பற்றியவை. துப்புரவு வேலையே வேறொரு ஒப்பந்ததாரரிடம் போய்விட்ட இடங்களில், மிகக் கடினமான வேலையைச் செய்பவர்களின் பெயர் இந்தப் பரிசோதனைப் பட்டியலில் வருவதே இல்லை. சேவையின் அளவை நகராட்சியின் சம்பளப் பட்டியலை வைத்துத் தீர்மானிக்காமல், நகராட்சியின் வேலையை எத்தனை கைகள் செய்கின்றன என்று எண்ணித் தீர்மானிக்க வேண்டும்.

ஒப்பந்தப்புள்ளியைத் திறப்பதற்கு முன்பு விளக்கக் கூட்டம் ஒன்று நடத்துவது வழக்கம். மருத்துவமனைப் பிரதிநிதிகளும் கணக்குப் பிரிவும் பொறியாளரும் அதில் உட்காருவார்கள். அடுத்த கூட்டத்தில் கான்கிரீட் உடைக்கும் ஒருவரையும் கழிவுநீர்ப் பிரிவைச் சேர்ந்த ஒருவரையும் அழைத்து உட்காரவைத்து, வரைவின் விதிகளை அவர்களுக்குப் புரியும் மொழியில் படித்துக்காட்டும்படி மாநகராட்சி ஆணையர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர் ஒருவர்