எங்களுக்கு மன உறுதி வகுப்பு வேண்டாம், ரோஸ்டரை (டூட்டி அட்டவணையை) மாற்றுங்கள்

தனியார் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு வணக்கம்.

மே 12 வந்தால் நர்ஸ் தினம் என்று கேக் வெட்டுகிறீர்கள், ஆளுக்கொரு ரோஜா கொடுக்கிறீர்கள், சந்தோஷம். இப்போது அதோடு மன உறுதியை வளர்க்க ஒரு வகுப்பும் சேர்ந்திருக்கிறது, அதுவும் காலை ஒன்பது மணிக்கு. இரவு எட்டு மணிக்கு டூட்டிக்கு வந்து, காலையில் அடுத்த டூட்டிக்காரியிடம் நோயாளிகளின் விவரத்தைச் சொல்லி ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டு எட்டே முக்காலுக்கு வார்டை விட்டு வெளியே வந்தவளும் அதில் உட்கார வேண்டும், வராவிட்டால் இன்சார்ஜ் சிஸ்டர் பேரை எழுதிவிடுவார். பயிற்சியாளர் கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொல்கிறார். கண்ணை மூடியதும் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள்.

உறுதி இல்லாமலா கொரோனா வார்டில் நின்றோம்? குறைவாக இருப்பது ஆள். பொது வார்டில் மூன்று முதல் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், ஐசியூவில் ஒருவருக்கு ஒருவர், விடுப்புக்கென்று 30 சதவீதம் கூடுதல் ஆள் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. நைட்டில் முப்பது படுக்கைக்கு ஒரு ஸ்டாஃப், கூட ஒரு டிரெய்னி என்பது உங்கள் கணக்கு.

விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு நாள் வார்டுக்கு வந்து பாருங்கள். உடம்பு தூங்கியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் நேரம் அது. அப்போதுதான் இரத்த மாதிரி எடுக்க வேண்டும், பிபி பார்த்து எழுத வேண்டும், டிரிப் மாற்ற வேண்டும். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் போன்ற, அளவு தவறினால் ஆபத்தான மருந்துகளை இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டாவது நர்ஸ் எங்கே? அந்தக் கையெழுத்து காலை டூட்டிக்காரி வந்த பிறகுதான் விழுகிறது, ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு எல்லாக் கட்டமும் நிறைந்தே தெரியும்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் கவனத்துக்குச் சமம் என்று 1997-லேயே ஆய்வு வந்துவிட்டது. நம் நாட்டில் 0.03 சதவீதத்தைத் தாண்டி வண்டி ஓட்டினாலே வழக்கு. பகலில் பிள்ளை, சமையல், ஹாஸ்டலில் என்றால் பக்கத்துக் கட்டில்காரியின் அலாரம் என்று தூக்கம் கெட்டு நைட்டுக்கு வருகிறவள் அந்த 17 மணி நேரத்தை நள்ளிரவுக்கு முன்பே தாண்டிவிடுகிறாள். அவள் கையில் சிரிஞ்சைக் கொடுக்கிறீர்கள்.

இப்படியே போனால் வருவது ‘பர்ன் அவுட்’, அதாவது தீராத வேலை அழுத்தத்தால் ஆளே ஓய்ந்துபோவது. அதை உலக சுகாதார நிறுவனமே 2019-ல் நோய் என்று சொல்லாமல் வேலையிடத்தால் வருவது என்றுதான் வகைப்படுத்தியது. அப்புறம் எங்களை உட்காரவைத்து வகுப்பு எடுப்பானேன்?

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நைட் முடிந்து தூங்கப் போகிற நாளை வார ஆஃப் என்று எழுதும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள், எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விட எரிச்சல். ஈவினிங் முடித்தவளை மறுநாள் காலையே கூப்பிடாதீர்கள். மார்னிங், ஈவினிங், நைட் என்ற வரிசையிலேயே சுற்றினால் உடம்பு ஓரளவு தாங்கும். நைட்டில் எங்களை மாற்றிவிட ஒரு ரிலீவர் போட்டால் அரை மணி நேரம் தலை சாய்க்கலாம். ஆள் எடுக்கக் காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், புது பிளாக்குக்குப் பூஜை போட்டது எங்களுக்கும் தெரியும்.

அடுத்த மாத ரோஸ்டர் இன்னும் ஒட்டவில்லை. அதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்