ஊர் நாடகம் எழுதியவர்களும் எழுத்தாளர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொங்கு நாட்டுக் கலைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். உடுக்கடிப் பாட்டு, அண்ணன்மார் கதை, ஒயில் கும்மி, பெருஞ்சலங்கை ஆட்டம் எல்லாவற்றையும் கட்டுரையாளர் ஆசையோடு எழுதியிருந்தார். படிக்க நிறைவாக இருந்தது. ஆனால் நோம்பிக்கு நோம்பி, அதாவது ஊர்த் திருவிழாதோறும், ஊர் இளவட்டங்கள் போட்ட சமூக நாடகங்களை மட்டும் 'சினிமாவைப் பார்த்து எழுதியவை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அந்த வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சென்னிமலைப் பக்கம் ஒரு நாடக ஆசிரியருக்குப் பல வருடம் பிராம்ட்டராக, அதாவது மறைவிலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவனாக, இருந்தவன் நான்.

அவரை ஊரே வாத்தியார் என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவர் இல்லை. பெட்ஷீட் தறி ஓட்டியவர். நாடாவில் தார் நூல் தீர்ந்து தறி நிற்கும் நேரத்தில் பீஸ் கணக்குச் சீட்டின் பின்பக்கம் இரண்டு வரி எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். ராத்திரி வீட்டில் அது நீள நோட்டில் ஏறும். கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதுவார். முதல் படி அனுமதி வாங்க, இரண்டாவது நடிகர்களுக்கு, அடியில் மங்கலாக விழுந்தது பிராம்ட்டருக்கு. நாடகப் பிரதியை அதிகாரிகள் கேட்டு வாங்கிப் பார்க்க வழிசெய்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல்தான் செல்லாது என்றது. அதுவரைக்கும் கோயில் திடலில் ஒரு ராத்திரி நாடகம் போடுகிறவரும் எழுதியதைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறத்தான் வேண்டியிருந்தது.

கோயிலில் பூச்சாட்டி நோம்பி தொடங்கியதும் வேலை ஆரம்பிக்கும். முதலில் ஆள், அப்புறம்தான் கதை. யார் நடிக்க வருகிறார்கள், யாரால் எது முடியும் என்று பார்த்துவிட்டுத்தான் வாத்தியார் பேனாவை எடுப்பார். பேச்சு திக்கும் பையன் ஒருவனுக்கு மேடையேற அப்படி ஒரு ஆசை. ஆனால் பாடினால் அவனுக்குத் திக்காது. வாத்தியார் இதைக் கவனித்து, அவனுக்காகவே ஒரு தபால்காரர் வேடம் எழுதினார். அவன் பேசவேண்டிய எல்லாவற்றையும் தெம்மாங்கு மெட்டில் கட்டிவிட்டார். அன்றைக்கு அந்தப் பையனின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து அழுததை நான் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

கதாநாயகிக்கு வெளியூரிலிருந்து நாடக நடிகையைப் பேசி அழைத்து வருவார்கள். நாடகத்தன்று சாயங்காலம்தான் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒத்திகைக்கும் வரச்சொன்னால் அதற்குத் தனியாகக் கொடுக்கவேண்டும். ஊர்க்காசில் அது கட்டாது. அதனால் அந்த அம்மாள் நீளமாகப் பேசும் இடமெல்லாம் மேடையின் இடப்பக்கம் தட்டி ஓரம் நிற்கும்போதே வருகிற மாதிரி வாத்தியார் காட்சியை அமைத்திருப்பார். டார்ச் வெளிச்சத்தைக் கைக்குட்டையால் மூடிப் பிடித்துக்கொண்டு அந்தத் தட்டிக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். எதிரில் நிற்கும் ஆள் கேள்வியாகக் கேட்டு முடிப்பான். அவர் அதற்கு யோசிப்பது போல் நிற்கலாம். அதற்குள் நான் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துவிடுவேன். முன்பின் ஒத்திகை பார்க்காதவர் என்று கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இன்னொன்று, அன்பளிப்பு. மகன் அம்மாவின் உடல்மேல் விழுந்து அழும்போதுதான் மாமன் மச்சான்கள் மேடையேறிச் சட்டையில் ரூபாய் குத்துவார்கள். மைக்கில் பெயர் வாசிப்பார்கள். ஊர் வழக்கம், தடுக்க முடியாது. ஆகவே அந்தக் கட்டத்து வசனத்தைச் சின்னச் சின்னத் துண்டாக, ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்படி வாத்தியார் எழுதுவார். எங்கே அறுந்தாலும் அங்கிருந்தே பிடித்துக்கொண்டு நடிகன் மறுபடி அழலாம். இந்த நுணுக்கமெல்லாம் எந்தச் சினிமாவைப் பார்த்து வரும்?

சினிமா மெட்டில் பாட்டு இருந்தது, இரட்டை வேடம் இருந்தது, கடைசியில் சண்டை இருந்தது. மறுக்கவில்லை. கதை எங்கள் ஊருடையது. பாசனத்துக்கென்று நொய்யலில் 1992இல் வந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவுதான் வந்து தேங்கியது. கிணறுகள் கெட்டன, காடு கரைகள் வீணாயின. அந்தச் சுற்றுவட்டத்து ஊர்களுக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள். வாத்தியார் அதை நாடகமாக்கினார். மாப்பிள்ளை பார்க்க வந்த வீட்டில் பெண்ணின் அப்பா ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார். மாப்பிள்ளையின் தாய் கொண்டுவந்து கொடுக்கத் தயங்கி நிற்பார். அந்தக் காட்சியில் வசனமே கிடையாது. நாடகம் பார்த்த அத்தனை பேர் வீட்டுக் கிணறும் அப்படித்தான் இருந்தது.

அவர் எழுத முடியாமல் போனதையும் சொல்லவேண்டும். காதல் கதை எழுதலாம், சாதியைத் தொடக்கூடாது. ஒரு நாடகத்தில் டீக்கடைத் தனித் தம்ளர் வரும் காட்சி வைத்தார். ஒத்திகை பார்க்க வந்த பெரியவர்கள், இது இருந்தால் திடலில் மேடை கிடையாது என்று முடித்துவிட்டார்கள். காட்சியை எடுத்தார். நோட்டில் அந்தப் பக்கங்களைக் கிழிக்காமல் நூல் சுற்றிக் கட்டி வைத்தார். நாடகம் எழுதுகிறவன் ஊரைவிட்டு ஓடாமல், அதே ஊரில் குடியிருந்துகொண்டே எதை எவ்வளவு தூரம் சொல்லலாம் என்று ஒவ்வொரு வருடமும் அளந்து அளந்து எழுதினான் என்பது சின்ன விஷயமா?

சம்பளம் என்று பார்த்தால் மைக்செட்காரருக்கு உண்டு, சீன் செட்டிங்குக்கு உண்டு, ஆர்மோனியத்துக்கும் டிரம்முக்கும் உண்டு, நடிகைக்கு உண்டு. எழுதியவருக்கு ஒரு வேட்டி, துண்டு, மாலை. அதற்கும் அவர் மனம் கோணவில்லை. நோட்டீஸில் 'கதை வசனம்' என்று தம் பெயர் வந்தால் போதும் என்பார். பிந்தைய வருடங்களில் நன்கொடையாளர்களின் படங்கள் நோட்டீஸை அடைத்துக்கொள்ள, அந்த ஒரு வரிக்கும் இடமில்லாமல் போனது. வெளியூர் மன்றத்தார் சிலர் அவர் நாடகத்தை எழுதி எடுத்துக்கொண்டு போய்த் தலைப்பை மாற்றிப் போட்டார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, அச்சில் வராத நாடகமும் எழுதியவருக்கே சொந்தம். அவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நிற்கும். கிராமத்தில் இதை யார் அவருக்குச் சொன்னார்கள்?

கண்பார்வை மங்கித் தறியை விட்ட பிறகு, நலிந்த கலைஞர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டார். மாதம் 3000 ரூபாய் அவருக்குப் பெரிய தொகை. விசாரித்த அலுவலகத்தில் நடிகரா, இசைக் கலைஞரா என்று கேட்டார்கள். எழுதினவன் என்றார். அப்படியானால் புத்தகம் எங்கே என்றார்கள். அவர் நோட்டைக் காட்டினார். அது கணக்கில் வரவில்லை. கடைசிவரை தொகை வராமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாடகம் எழுதுகிறவரை இப்படி நடத்தவேண்டிய மண் இல்லை இது. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் பூளவாடியில் 1899இல் பிறந்த நாராயணகவி நாடக மேடையில் வளர்ந்துதான் சினிமாப் பாட்டுக்குப் போனார். ஈரோட்டில் 1944இல், நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்களின் முயற்சியில் நாடகக் கலை மாநாடே நடந்திருக்கிறது. கோவையிலும் சேலத்திலும் ஸ்டூடியோக்கள் ஓகோ என்று இருந்த காலத்தில் அங்கே கதை வசனம் எழுதப் போனவர்கள் பலரும் மேடைக்காரர்கள். சினிமாவுக்கே ஆள் கொடுத்தது மேடைதான்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஊர் நாடகம் எழுதியவர்களின் நோட்டுகள் இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. மாவட்ட மைய நூலகங்கள் இவற்றை வாங்கி வைக்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடக நோட்டீஸ்களையே சேர்த்துக் காப்பாற்றுகிறார்கள்; பிரதிகளைச் சேர்க்க நம் பக்கத்துக் கல்லூரித் தமிழ்த் துறைகளால் முடியாதா? தங்கள் இதழும் மாதம் ஒரு நாடகத்திலிருந்து ஒரு காட்சியை, எழுதியவர் பெயரோடு வெளியிடலாம். நோம்பிக்கு மறுபடி நாடகம் போடத் தொடங்கியிருக்கும் ஊர்களில் நோட்டீஸ் அடிப்பவர்கள் கதை வசனத்துக்கு ஒரு வரி ஒதுக்கவேண்டும்.

எங்கள் வாத்தியாரின் நோட்டுகளை அவர் மகள் பத்திரமாக வைத்திருக்கிறார். கொடுக்கச் சம்மதம் என்று சொல்லிவிட்டார். மங்கிப்போன கார்பன் படிகள் என்னிடம் இருக்கின்றன. எழுத்துத் தெரியாத இடங்களை நான் வாசித்துச் சொல்கிறேன். அந்தத் தண்ணீர்ச் சொம்புக் காட்சியைப் படியெடுத்து இக்கடிதத்துடன் அனுப்பியுள்ளேன். வெளியிடும்போது எழுதியவர் பெயரை மேலே போடவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.